தங்கத்துக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

"எங்களை மட்டும் ஏன் கிராணி ஒதுக்குப்புறமா நிக்க வெச்சிருக்கீங்க?"

கேட்டது கீழ் லயத்து அம்மாக்கண்ணு. அவள் கையில் Ce என்று எழுதிய அட்டை. கழுத்தைச் சாய்த்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது வகுப்பறைச் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையை. மேலே ஏழு வரிசைக் கட்டங்கள். அப்புறம் ஒரு இடைவெளி. அதற்கும் கீழே, வீட்டுக்குள் சேர்க்காதவர்களைப் போல, தனியாக இரண்டு வரிசை.

அந்த இரண்டு வரிசையில் மொத்தம் முப்பது கட்டம். கீழ் லயத்து வரிசை வீடுகளில் பெரியவர்கள் முப்பது பேர். கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்றுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நிக்கலஸ் அப்படிப் பிரித்திருந்தார். கொழுந்து நிறுக்கும் கிராணிக்கு எடை சரியாக வந்தால் உலகமே சரியாக வந்த மாதிரி.

"அக்கா, இது நான் போட்ட கட்டம் இல்ல. உலகம் பூரா இப்படித்தான் போட்டிருக்காங்க."

"உலகம் பூரா இப்படித்தான்னு எனக்கும் தெரியும். அதைத்தானே கேக்குறேன்."

அம்மாக்கண்ணுவின் பின்னால் இருபத்தொன்பது பேர் தலையாட்டினார்கள்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளியின் எதிர்காலம் பற்றி முடிவு செய்ய வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி நேரில் வருவார். அவ்வளவுதான், இரண்டே வரி. பள்ளியில் படிப்பவர்கள் இருபத்தாறு பேர். எதிர்காலம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூடிவிட்டால் பிள்ளைகள் மலைப்பாதையில் வேனில் பிரிஞ்சாங் டவுன் போய்ப் படிக்க வேண்டும். நிக்கலஸின் சின்ன மகளுக்கு ஏழு வயது. கிளினிக்குக்குக் கூட்டிப் போனாலே இரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பாள். பிரிஞ்சாங்குக்கு எத்தனை வளைவு என்று அவர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டத்தில் தலைமையாசிரியை சிந்தியா, "அதிகாரி அசந்து போற மாதிரி ஏதாவது செய்யணும்" என்றார். ஒருவர் கும்மி என்றார். ஒருவர் கோலாட்டம் என்றார். பள்ளிப் படிப்பின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில் ரசாயனத்தில் நல்ல மார்க் வாங்கியவர் என்ற பெருமை இருபது வருடமாக நிக்கலஸின் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அது வெளியே வந்துவிட்டது.

"மொத்தம் நூத்திப் பதினெட்டு தனிமம். நூத்திப் பதினெட்டு ஆளுங்க கையில அட்டையோட திடல்ல கட்டம் கட்டமா நிப்போம். அதிகாரி மேல வராந்தாவுலேருந்து பார்த்தா, தோட்டமே அட்டவணையா நிக்கும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி ஷெர்லி மட்டும் தட்டவில்லை.

"தண்ணி பைப்புக்கிட்ட ஆறு பொம்பளைங்களை வரிசையில நிக்க வைக்க முடியாது உங்களால. நூத்திப் பதினெட்டாம்லா!"

ஷெர்லி சொன்னது பலித்துக்கொண்டிருந்தது.

"சரிக்கா. மேல் லயத்துலேருந்து பாதிப் பேரைக் கீழ இறக்குறேன். நீங்க பாதிப் பேரு மேல வாங்க" என்று அம்மாக்கண்ணுவிடம் சமாதானம் பேசினார் நிக்கலஸ்.

மேல் லயத்துத் தங்கராஜு சும்மா இருப்பாரா? "எங்கப்பாரு காலத்துலேருந்து மேல இருக்கோம். அட்டையில மட்டும் கீழ இறங்கணுமா?"

"அண்ணே, இது வெறும் படம்."

"படத்துலதான் மானம் போவும், கிராணி. படம் அழியாது பாருங்க."

நிக்கலஸ் யோசித்தார். பால்மாவு டின் ஒன்றை எடுத்து, எல்லா எண்ணையும் சீட்டில் எழுதிப் போட்டுக் குலுக்கினார். யாருக்கு எது வருகிறதோ அது. கடவுள் கொடுத்தது, யாரும் கேள்வி கேட்க முடியாது. வயதுக்கு மரியாதையாக ஓய்வுபெற்ற கங்காணி செல்லையாவுக்கு மட்டும் ஒன்றாம் எண்ணும், அவர் மனைவி மணியம்மாவுக்கு இரண்டாம் எண்ணும் என்று எடுத்து வைத்துவிட்டார். ஐம்பத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

குலுக்கலில் கடவுள் கொஞ்சம் விளையாட்டுக் குணத்தோடு இருந்தார். காற்றடித்தால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொள்ளும் தினேஸ்வரனுக்கு இரும்பு வந்தது. சாந்தினிக்கு ஆர்சனிக்.

"அப்படின்னா என்னண்ணே?"

"அது... ஒரு மாதிரி பாஷாணம்."

"நல்லதாப் போச்சு. என் மாமியாரு அப்படித்தான் கூப்பிடுது" என்று அட்டையை வாங்கிக்கொண்டு போனாள் சாந்தினி.

எழுபத்தொன்பதாம் எண் கிரகரிக்கு வந்தது. Au. தங்கம். கிரகரி அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எண்பதாம் எண் பாதரசம். Hg. அது தங்கராஜுவுக்கு.

கிரகரியும் தங்கராஜுவும் பக்கத்துப் பக்கத்து வீடு. கிரகரி வீட்டுச் சௌசௌக் கொடி வேலி தாண்டிப் படர்ந்ததையும், தங்கராஜு அதை வெட்டிப் போட்டதையும் ஒட்டி இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. எழுபத்தொன்பதும் எண்பதும் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும்.

"அந்த ஆளு பக்கத்துல நான் நிக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றார் கிரகரி, மூன்று அடி தள்ளி நின்ற தங்கராஜுவைப் பார்க்காமல்.

"நான் நின்னாத்தானே அவரு பக்கத்துல நிக்கணும்னு சொல்லுங்க" என்றார் தங்கராஜு.

நிக்கலஸுக்கு அப்போது ஒரு யோசனை பளிச்சிட்டது. இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்கு ஒரு மார்க் கூடப் போடலாம். அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருப்பவை யாரோடும் எளிதில் சேராத வாயுக்கள். ஹீலியம், நியான், ஆர்கான் என்று வரிசை. யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களை அங்கே போட்டுவிட்டால் தீர்ந்தது. விஞ்ஞானப்படியும் சரி, லயத்துப்படியும் சரி.

"நான் தங்கத்தை விட்டுட்டுப் போவணும்னா அவரும் பாதரசத்தை விட்டுட்டு வரணும்" என்றார் கிரகரி. நிக்கலஸ் இருவரையும் அங்கே அனுப்பினார். கிரகரிக்கு ஆர்கான், தங்கராஜுவுக்கு அதற்கு நேர் கீழே கிரிப்டான்; முன்னும் பின்னுமாக நின்றால் தோள் உரசாது.

பேச்சில்லாதவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது என்ற செய்தி ஒரு மணி நேரத்தில் தோட்டம் முழுக்கப் பரவியது. மணியம்மாவின் ஹீலியத்தையும், வாயுதானா என்றே உறுதியாகத் தெரியாத நூற்றுப் பதினெட்டையும் விட்டால் மிச்சமிருந்தது மூன்று இடம். சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் நிக்கலஸ் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"எனக்கு என் அண்ணனோட பேச்சில்ல கிராணி, ஆறு வருஷமா."

"ஆறு ஒரு கணக்கா? எனக்குப் பதினாலு. பெரிய தோட்டத்துச் சம்பந்தியோட."

"நான் என் வீட்டுக்காரரோடவே பேசறதில்ல. அதுக்கு இடம் இருக்கா?"

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். மற்ற எட்டுப் பேரும் அன்றிலிருந்து நிக்கலஸோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

இதற்குள் தங்கம் காலியாகக் கிடக்கிறது என்று ஒன்பது பேர் கேட்டு வந்தாயிற்று. யாருக்குக் கொடுத்தாலும் எட்டுப் பேருக்குக் கோபம். வம்பே வேண்டாம் என்று அந்த அட்டையைச் சொந்த மனைவியிடமே கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"கிராணி பொண்டாட்டிக்குத் தங்கம், கூலிக்காரிக்கு ஈயமா!" என்ற பேச்சு கொழுந்து மலையில் ஏறி, தொழிற்சாலைக்குள் இறங்கி, தோட்டத்து மேனேஜர் துரையின் காதுவரை போனது. துரை சிரித்துவிட்டு, கொழுந்து பறிப்பவர்களுக்கு வியாழக்கிழமை காலை அரை நாள் லீவு கொடுத்தார்.

"ஷெர்லி, அதைக் கொடுத்திரும்மா. ஊரே பேசுது."

"குடுக்க மாட்டேன். கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல நீங்க எனக்குக் குடுத்த தங்கம் இது ஒண்ணுதான். அதுவும் அட்டை."

நிக்கலஸ் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினார்.

புதன்கிழமை ஒத்திகை. திடலில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தார்கள். செல்லையா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒன்றாம் எண்ணில், இடது மூலையில் நின்றார். மணியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, நீங்க அங்க" என்று நிக்கலஸ் கையைக் காட்டினார். ஒன்றாம் எண் ஹைட்ரஜன் இந்தக் கோடியில். இரண்டாம் எண் ஹீலியம் அந்தக் கோடியில். நடுவில் பதினாறு கட்டம் காலி. அந்தக் கோடியில் பனி மூடியிருந்தது. போனால் ஆள் தெரியாது.

மணியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணுக்கு அடுத்தது ரெண்டுதானே தம்பி?"

"ஆமாம்மா. ஆனா, ரெண்டு அங்கதான் இருக்கு."

"அம்பத்திரண்டு வருஷத்துல எங்க மாமியாராலயே எங்களைப் பிரிக்க முடியல. நீ பிரிச்சிட்டியே!"

"இங்க காத்து நல்லாத்தான் இருக்கு, நீ போ" என்றார் செல்லையா, கொஞ்சம் உற்சாகமாகவே. மணியம்மா அவரைப் பார்த்த பார்வையில் பனியே விலகியிருக்கும்.

ஒருவழியாக அவரை அனுப்பிவிட்டு ஆட்களை எண்ணினால், நூற்று மூன்று. பள்ளிப் பிள்ளைகள் இருபத்தாறு பேரையும் சேர்த்துத்தான். காலை ஷிப்டில் பதினைந்து பேரைத் தொழிற்சாலை விடாதாம். நிக்கலஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன கட்டங்களில் கடைசி வரிசைக்காரர்களை நகர்த்தி நிறுத்தியதில், நூற்று நான்கிலிருந்து நூற்றுப் பதினெட்டு வரை பல்லில்லாத வாயாகத் திறந்து கிடந்தது.

"ஆயாக் கொட்டகையில பிள்ளைங்க இருக்குல்ல?" என்றாள் ஷெர்லி.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எண்ணினார்கள். தவழுவது, தத்துவது, ஓடுவது எல்லாம் சேர்த்துச் சொல்லி வைத்தாற்போல் பதினைந்து.

"இதுங்க ஒரு நிமிஷம் நிக்காதே!"

"அந்தக் கடைசித் தனிமமெல்லாம் எவ்வளவு நேரம் நிக்குமாம்?"

நிக்கலஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தாங்காதவை. சில, கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த வரிசையாவது விஞ்ஞானப்படி சரியாக இருக்கும்.

வியாழக்கிழமை பத்தரை ஆனது. அதிகாரி வரவில்லை. பதினொன்று ஆனது. தூறல் விழுந்தது. நூற்று மூன்று பேரும் கட்டத்தில் நின்றார்கள். பதினைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு மணியம்மா கட்டத்தை விட்டுக் கிளம்பினார். கையில் ஃபிளாஸ்க்.

"அம்மா! அம்மா! ஹீலியம் அங்கதான் நிக்கணும்!"

"அவருக்கு இந்த நேரத்துக்குச் சுடு தண்ணி குடுக்கணும். ஹீலியமாம்!"

பதினாறு கட்டத்தையும் தாண்டிப் போய்ச் செல்லையாவின் பக்கத்தில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"அவங்க மட்டும் போவலாம், நான் போவக் கூடாதா?" என்று தினேஸ்வரன், அடுத்த மாதம் தான் கட்டிக்கொள்ளப்போகும் யுவனேஸ்வரியின் பக்கத்துக்கு இரும்போடு நகர்ந்தான். அதைப் பார்த்த அம்மாக்கண்ணு, "ஏறுங்கடி!" என்று ஒரு குரல் கொடுத்தாள். குலுக்கலிலும் கீழ் வரிசையே கிடைத்திருந்த கீழ் லயத்துக்காரர்கள் மொத்தமாக மேலே ஏறினார்கள். மேலே நின்றவர்கள் ஒதுங்க இடமில்லாமல் மேலேயும் பக்கவாட்டிலுமாகச் சிதறினார்கள். மழைக்குப் பயந்த ஷெர்லி, தங்கத்தோடு மரத்தடிக்குப் போய்விட்டாள். கடைசிப் பத்தியில் கிரகரி திரும்பி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தங்கராஜுவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா, அந்தக் கொடி காய்க்கிற மாசமாப் பார்த்து வெட்டினே?"

"காய்க்கிறதுன்னு எனக்கு எப்படியா தெரியும்? நீ ஒரு காய் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

வாயுக்கள் இரண்டும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டன.

நிக்கலஸ் ஓடினார். இரும்பைப் பிடித்து இழுத்தால் தாமிரம் நழுவியது. தாமிரத்தைப் பிடித்தால் சாந்தினியைக் காணோம். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அவர் கையை விட்ட அந்த நொடியில், மேலே வராந்தாவில் அதிகாரி வந்து நின்றார்.

வசந்தன் என்று பெயர். குடை, கோப்பு, மூக்குக் கண்ணாடி. ஒரு நிமிடம் திடலைப் பார்த்தார். படியிறங்கி வந்தார். ஹைட்ரஜனுக்குச் சுடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஹீலியத்தைக் கடந்தார். சண்டையைக் கடந்தார். நேராகக் கடைசி வரிசைப் பாய்க்குப் போய் நின்றுவிட்டார்.

அங்கே நூற்றுப் பதினைந்து தன் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது. நூற்று ஏழு, நூற்று எட்டின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால், அத்தனையும் பாயில்தான் இருந்தன. கட்டம் மாறாமல் இருந்தது அந்த வரிசை ஒன்றுதான். அதிகாரி குனிந்து ஆயாவிடம் ஏதோ கேட்டார். ஆயா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அதிகாரி எழுதினார். இன்னும் கேட்டார். இன்னும் எழுதினார்.

தூரத்தில் நின்ற நிக்கலஸ் எட்டி எட்டிப் பார்த்தார். போட்டுக்கொடுக்கிறாரே ஆயா! குலுக்கல், தங்கம், எல்லாவற்றையும் சொல்கிறாரே! கண்ணுக்குள் பிரிஞ்சாங் போகும் வேன் வந்தது. ஜன்னலோரம் மகள், கையில் பிளாஸ்டிக் பை. ஐந்தாம் படிவத்தில் ஃபெயிலாகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மனமார வருந்தினார்.

அதிகாரி திரும்பி வந்தார்.

"ஐயா," நிக்கலஸ் எதிரே போய் நின்றார். "காலையில சரியாத்தான் நின்னாங்க. தப்பெல்லாம் என்னோடது. பள்ளிக்கூடத்துமேல அதை எழுதிறாதீங்க."

அதிகாரி அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியையிடம் திரும்பினார். "டீச்சர், பள்ளிக்கூடம் இங்கயேதான் இருக்கும். மூடச் சொல்லி நான் எழுதப் போறதில்ல. கடிதம் வரும்."

திடல் வெடித்தது. அட்டைகள் பறந்தன. தங்கராஜு கிரகரியைக் கட்டிப்பிடித்தார். பிறகு யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். பரவாயில்லை என்று விட்டுவிட்டார். சிந்தியா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியைத் தேநீருக்கு அழைத்துப் போனார்.

நிக்கலஸ் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த வேன் இறங்கிப் போய்விட்டது. மகள் நாளைக்கும் நடந்தே பள்ளிக்கூடம் வருவாள். அது போதும்.

ஆனால், தோட்டத்துக்கு அது போதவில்லை.

"நாங்க மேல ஏறி நின்னோமில்ல, அதுல அசந்துட்டாரு" என்றாள் அம்மாக்கண்ணு.

"பேச்சில்லாதவங்களே பேசிட்டோம். அதைப் பார்த்துத்தான்" என்றார் கிரகரி.

"என் தங்கம்" என்றாள் ஷெர்லி, சுருக்கமாக.

நிக்கலஸுக்கும் அரித்தது. அவ்வளவு பெரிய படிப்புப் படித்த மனிதர், இந்தக் குழப்பத்துக்குள்ளும் ஏதோ ஒரு உயர்ந்த ஒழுங்கைக் கண்டிருக்கிறார். அது எது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. வாசலில் அதிகாரியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் முருகையாவிடம் போனார்.

"அண்ணே, ஐயா ரசாயனத்துல பெரிய ஆளோ? எந்தத் தனிமத்தைப் பார்த்து ஐயாவுக்குப் பிடிச்சுப் போச்சு? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

முருகையா துணியைப் பிழிந்து உதறினார்.

"தனிமமாவது ஒண்ணாவது! எதுக்கு எல்லாரும் அட்டையைப் பிடிச்சிக்கிட்டு மழையில நிக்கிறாங்கன்னு என்னைத்தான் கேட்டாரு. இனி வர்ற வருஷங்கள்ல பள்ளிக்கூடத்துல சேர இந்தத் தோட்டத்துல பத்துப் பிள்ளையாவது இருக்கான்னு பார்க்கத்தான் வந்தாரு கிராணி. இந்த வழுக்குற மேட்டுல வீடு வீடா ஏறி எண்ணணுமேன்னு வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாரு. பார்த்தா, நீங்க பதினஞ்சையும் நம்பர் போட்டு வரிசையா உக்கார வெச்சிருக்கீங்க!"